கிணற்றில் இறக்கிய அந்தோனியார்

ஆண்டவர் யாரை எதற்காக அடிக்கிறார் என்பது எங்கள் குறிச்சியில் இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் ஆண்டவர். மற்றவர் நான்.

குருநகர்க் கரையில் கிறகோரி என்றால் அப்போது எல்லோருக்கும் தெரியும். மீன் பிடித்ததால் அல்ல. மீனை எல்லோரும்தான் பிடித்தார்கள். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிறவன் நான். கடைசி வாங்கில் இருக்கும் செவிடருக்கும் கேட்கும் குரல். வாசித்துவிட்டு இறங்கும்போது, அதை எழுதியவரைவிட எனக்கு அதில் உரிமை கூட என்றொரு நடை எனக்கு வந்துவிடும். மரியநாயகி, என் மனைவி, அதை "வாசக நடை" என்பாள். அவள் உயிரோடிருந்தால் இந்தக் கதையை நாலு வரியில் சொல்லி முடித்திருப்பாள். எனக்கு அப்படிச் சொல்ல வராது.

அந்தக் குரலை எடுத்துக்கொண்டு நான் துக்க வீடுகளுக்கும் போவேன். செத்த வீடு, வள்ளம் எரிந்த வீடு, பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போன வீடு. எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு அவற்றுக்குக் குறைவிருக்கவில்லை. மூன்றாம் நாள் போவேன். கால் கழுவி, கதிரையில் இருந்து, தேநீர் வரும்வரை பொதுவாகக் கதைப்பேன். தேநீர் வந்த பிறகே காரணத்தைச் சொல்வேன். ஒரு வீட்டில் முன்னதாகச் சொல்லிவிட்டேன், தேநீர் வரவில்லை.

லூர்த்தம்மாவின் கூரையைக் காற்று தூக்கிக்கொண்டு போனது, அவள் கடைசி ஆசீர் கொடுக்குமுன் கோயிலைவிட்டு இறங்கிவிடுவதால். சந்தியோகு அண்ணையின் வள்ளத்தை எண்பத்தாறில் கடற்படை எரித்தது, அவர் ஞாயிற்றுக்கிழமையில் கிழிந்த வலை பொத்துவதால். நெருப்பு வைத்தவனுக்கு அவர் எந்தக் கிழமையில் வலை பொத்தினார் என்பது எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. அவருடைய தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னேன்:

"தகப்பன் தான் நேசிக்கிற பிள்ளையைத்தான் கண்டிப்பான் அண்ணை. ஆண்டவருக்கு உங்களிலை நேசம்."

அவர் என் கையிலிருந்த கோப்பையை வாங்கினார். "ஓம் கிறகோரி. உன்னிலைதான் அவருக்கு ஒரு நேசமுமில்லைப் போலை. உன்ரை வள்ளம் அப்பிடியே நிக்குது."

நான் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. என்னில் திருத்த ஒன்றுமில்லை என்பதற்குச் சந்தியோகு அண்ணையே சாட்சி சொன்னதாக எடுத்துக்கொண்டு வந்தேன்.

எங்களுக்கு ஒரே மகன், கனிசியஸ். பிறவியிலேயே இடக்கைக்காரன். ஐந்து வயதிலிருந்து நான் அந்தக் கையைத் திருத்தினேன். சாப்பாட்டு நேரத்தில் அதை வலை நூலால் அரையோடு சேர்த்துக் கட்டிவிடுவேன். மரியநாயகி முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு குழம்பு ஊற்றுவாள். எட்டு வயதில் பிள்ளை வலக்கையால் சாப்பிட்டான், வலக்கையால் எழுதினான், வலக்கையால் சிலுவை போட்டான். முடிச்சு மட்டும் திருந்தவில்லை. கயிறோ நூலோ கையில் வந்தால் இடக்கை முந்திக்கொள்ளும். எல்லோரும் போடுகிற முடிச்சையே மறுவளமாகப் போடுவான். அது இறுகினால் இறுகியதுதான். என் விரல்களுக்கு அதை அவிழ்க்க வராது. வள்ளத்தில் எத்தனையோ தரம் கத்தியால் வெட்டியிருக்கிறேன். என் விரல்களின் மொக்குத்தனத்தையும் அவனுடைய குற்றத்தோடு சேர்த்துக்கொண்டேன்.

தொண்ணூற்றொன்று ஆனி மாதம், அந்தோனியார் பெருநாள். அவனுக்குப் பத்தொன்பது வயது. அந்தோனியாரின் சுரூபம் வைத்த கூட்டைத் தோளில் தூக்க நாலு பொடியன்களைத் தெரிந்தெடுத்தார்கள். அவர்களில் அவனும் ஒருவன். நான் செபமாலை சொல்லிக்கொண்டு, கூட்டுக்கு முன்னால் அதைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்தேன். முந்நூறு சனம் இருக்கும். சுற்றுப்பிரகாரம் முடிந்து கோயில் வாசலில் கூடு நின்றது. சாமியார் ஆசீர் கொடுத்தார். எல்லோரும் சிலுவை போட்டார்கள். என் மகன் இடக்கையால் போட்டான்.

பதினாலு வருடம் நான் பட்ட பாடு முந்நூறு சனத்துக்கு முன்னால் வீணாய்ப் போனது என்று எனக்குப் பட்டது. இரண்டு எட்டு வைத்துப் போய் அறைந்தேன்.

"ஆண்டவருக்கு முன்னாலை இடக்கையோ?"

கூடு ஆடியது. அந்தோனியாரின் தலைக்குப் பின்னால் இருந்த ஒளிவட்டம் கழன்று நிலத்தில் விழுந்தது. கனிசியஸும் ஆடினான். ஆனால் கூட்டை விடவில்லை. கூட்டை உள்ளே கொண்டுபோய் இறக்கி வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை மடித்து வாங்கில் வைத்தான். பிறகு கரைப் பக்கமாக நடந்து போனான். அன்று அவன் வீட்டுக்கு வரவில்லை.

"இந்த வீட்டிலை இனி அவன்ரை பேர் கதைக்கக்கூடாது" என்றேன் மரியநாயகியிடம்.

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் சோற்றை வடித்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் அவள். எப்படிக் காப்பாற்றினாள் என்பது பதினொரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

முதல் கிழமை எனக்குக் கோபம். இரண்டாம் கிழமை பயம். அந்த நாளில் அந்த வயதுப் பொடியன் வீட்டைவிட்டுப் போனால், இயக்கத்தின் முகாம், இராணுவத்தின் முகாம் என்று தேட வேண்டிய இடங்கள் எல்லோருக்கும் தெரியும். அவற்றில் ஒன்றிலிருந்தும் திரும்பி வருவான் என்று சொல்ல முடியாது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் உயிரோடு வாசலில் வந்து நின்றால் போதும் என்றிருந்தது. ஆனால் நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. எங்கே என்று கேட்டால், ஏன் போனான் என்று திருப்பிக் கேட்பார்கள். திருப்பிக் கேட்காத ஒருவர் என் வீட்டில் இருந்தார். அவரிடம் கேட்டேன்.

தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் அந்தோனியாரை மிஞ்ச ஆளில்லை. எங்கள் வீட்டுச் சுரூபம் ஒரு முழ உயரம், மரம், என் தகப்பன் காலத்தது. இடது கையில் குழந்தை யேசு. குழந்தை தனித் துண்டு. ஒரு சிறு ஆணியில் கொழுவியிருக்கும். அந்தோனியார் கேட்டதைத் தராவிட்டால் என்ன செய்வது என்பதற்கு எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. சாமியாருக்கு அது தெரியாது, அல்லது தெரியாதவர்போல் இருந்தார். படிப்படியாகத் தண்டிப்பது. முதலில் மெழுகுதிரியை நிறுத்துவது. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பது. பிறகு குழந்தையைக் கையிலிருந்து எடுத்து ஒளித்துவிடுவது. அதற்கும் மசியாவிட்டால் கிணறு.

மெழுகுதிரியை நிறுத்த எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கு அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடை அதை முன்பே நிறுத்தியிருந்தது. ஆவணியில் அவரைச் சுவரைப் பார்க்க வைத்தேன். ஐப்பசியில் குழந்தையைப் பிடுங்கினேன். "பிள்ளையில்லாமல் இருந்து பாரும். அப்பதான் தெரியும்" என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னது நினைவிருக்கிறது. தையில் அரையில் கயிறு கட்டித் தலைகீழாகக் கிணற்றில் இறக்கினேன். மரமல்லவா, தண்ணீரில் பட்டதும் புரண்டு நிமிர்ந்து மிதந்தார். என்னையே பார்த்தார். வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டுகளைக் கட்டி மறுபடி இறக்கினேன். உப்புக் கிணறு, குடிக்க எடுப்பதில்லை என்பதால் மரியநாயகி மறுப்புச் சொல்லவில்லை. நான் கயிற்றைக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவர் ஆரிட்டைப் போய் முறையிடுறது?" என்று மட்டும் கேட்டாள்.

ஆண்டவரின் கண்டிப்பைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதன், பரலோகத்திலிருக்கிற ஒருவரைக் கண்டிக்கக் கிணற்றடிக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அதில் எனக்கு ஒரு பிசகும் தெரியவில்லை.

இதற்கிடையில் நான் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். கடலுக்குத் தடை இருந்ததால், கரையோரத்து ஆழமில்லாத பரவைக் கடலில் களவாகப் பிடித்துக் காய வைத்த கருவாட்டை எங்கள் பெண்கள் கொடிகாமம் சந்தைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அங்கிருந்து மரக்கறி கொண்டுவருவார்கள். பயம் தெளிந்து சோறு இறங்கத் தொடங்கிய காலத்திலிருந்து மரியநாயகி ஒரு சனிக்கிழமையும் தவறாமல், மண்ணெண்ணெயில் ஓடிய தட்டிவானில் தொங்கிக்கொண்டு போய்வந்தாள். மற்றப் பெண்கள் வாடிய கீரையோடு வருவார்கள். இவள் சாக்கு நிறையக் கத்தரிக்காய், புடலங்காய், முருங்கைக்காய், பருவத்துக்குப் பலாப்பழம். ஏன் என்று நான் கேட்கவில்லை. நல்லது நடந்தால் அது என் பக்திக்குக் கிடைப்பது. அதற்குக் காரணம் தேடும் வழக்கம் எனக்கில்லை. குறை மட்டும் சொன்னேன்.

"இந்தப் பழம் கனிஞ்சு போச்சு. பழம் தெரியத் தெரியாத ஆரோ தந்திருக்கினம்."

"தந்த ஆளுக்குச் சொல்லிவிடுறன்" என்றாள்.

அடுத்த கிழமை வந்த பழம் சரியான பதம்.

தொண்ணூற்றிரண்டு வைகாசியில் ஒரு சனிக்கிழமை, அவள் சாக்கைக் குசினிக்குள் போட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். எனக்குப் பசி. சாக்கை அவிழ்க்கப் பார்த்தேன். வரவில்லை. நகத்தால் நெம்பினேன், பல்லால் இழுத்தேன். பொறுமை போய்க் கத்தியை எடுத்தேன். கத்தி எடுத்த கைக்கு முதலில் தெரிந்தது. பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த முடிச்சை அறுக்க அந்தக் கை எத்தனை தரம் கத்தி எடுத்திருக்கிறது.

மரியநாயகி குடத்தோடு வந்தபோது நான் சாக்குக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன்.

"நாயகி, இந்தச் சாக்கை ஆர் கட்டினது?"

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "பேர் கதைக்கலாமோ?"

"சொல்லு."

"கனிசியஸ்."

"எங்கை நிக்கிறான்?"

"கொடிகாமத்திலை. அருளம்பலம் எண்டவரின்ரை மரக்கறிக் கடையிலை. போன அடுத்த நாளே சந்தியோகு அண்ணைதான் கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்தவர்."

"ஊருக்குத் தெரியுமோ?"

"உங்களைத் தவிர."

"பதினொரு மாசம். ஒருத்தரும் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

"நீங்கள் ஆரைக் கேட்டனீங்கள்? அந்தோனியாரைக் கேட்டியள். அவர் பாவம், சனிக்குச் சனி சாக்கிலை மறுமொழி அனுப்பினவர். நீங்கள் திண்டுபோட்டு ஏவறை விட்டியள்."

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. தப்பிக்க ஒரு வழி மிச்சமிருந்தது, அதைப் பிடித்தேன். "எண்டாலும் அவன் செய்தது பிழைதானே. இடக்கையாலை..."

"வலக்கையிலை என்ன இருந்தது?"

நான் மறுபடி சாக்கு முடிச்சை நோண்டினேன்.

"கூடு தூக்கிற கொம்பு" என்றாள். "வலத்தோளிலை கொம்பு, வலக்கையாலை அதைப் பிடிச்சபடி நிண்டவன். அந்தக் கையை எடுத்திருந்தால் அந்தோனியார் சனத்துக்கு மேலை விழுந்திருப்பார். ஒரு கை அவரைத் தாங்கிக்கொண்டு நிண்டது. மற்றக் கையாலை பிள்ளை சிலுவை போட்டான். அதுக்குத்தான் அடிச்சனீங்கள்."

கூடு தூக்குகிறவன் கூட்டைப் பிடித்திருப்பான் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். முந்நூறு சனத்துக்கும் தெரிந்திருந்தது. எதிரில் நின்று பார்த்தவன் நான் ஒருவன். எனக்குத்தான் தெரியவில்லை.

கிணற்றடியில் போய் இருந்தேன். பிள்ளைகளுக்குக் கோபம் மூட்டாதீர்கள் என்று தகப்பன்மாருக்குச் சொல்கிற வாசகமும் நான் வாசித்ததுதான். அதை வாசிக்கும்போதெல்லாம் கோயிலிலுள்ள மற்றத் தகப்பன்மாரை ஒவ்வொருவராகப் பார்த்து வாசித்திருக்கிறேன். இப்போது யோசித்தேன். ஆண்டவருக்கு என்னைத் திருத்த ஆயிரம் வழி இருந்தது. என் வள்ளத்தை எரிக்கலாம். முந்நூறு சனத்துக்கு முன்னால் என் கன்னத்தில் ஒன்று போடலாம். அதற்கு நான் தகுதியானவன். அவர் அப்படிச் செய்யவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நான் கட்டிவைத்த அந்தக் கையாலேயே பதினொரு மாதம் எனக்குச் சாப்பாடு அனுப்பினார். நான் குறை சொல்லச் சொல்ல இன்னும் நல்லதாக அனுப்பினார். கடைசியில் ஒரு முடிச்சைக் காட்டினார். அவ்வளவுதான். கண்டிப்பது என்றால் அடிப்பது என்று நினைத்திருந்தவனுக்கு, அடிக்காமலே எலும்புவரை நோகும் என்று அன்றுதான் தெரிந்தது. நொந்தது. ஆனால் என்னைக் கைவிட்டவர் இந்த அளவுக்கு மினக்கெட்டிருக்கமாட்டார் என்பதும் தெரிந்தது.

கயிற்றை இழுத்தேன். அந்தோனியார் வந்தார். முகத்திலிருந்த றோஸ் வர்ணம் உரிந்து, உள்ளேயிருந்த கறுத்த மரம் தெரிந்தது. கிட்டத்தட்ட எங்கள் நிறத்துக்கு வந்திருந்தார். மரியநாயகி அவரைச் சீலைத் தலைப்பால் துடைத்து, அந்தக் கத்தரிக்காய்ச் சாக்கிலேயே சுற்றிச் சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டினாள்.

"ரெண்டு பேரிட்டையும் மன்னிப்புக் கேக்கவேண்டியிருக்கு. ஒரே பயணத்திலை கேட்டிட்டு வாங்கோ."

மறுநாள் பூசை முடிய வெளிக்கிட்டேன். வாசகம் வாசிக்கிறவன் வெறும் வாயோடு போவானா? அரியாலை தாண்டுமுன் ஒரு பிரசங்கம் தயாராகத் தொடங்கியது. நாவற்குழிப் பாலத்தில் மூன்றாம் பகுதிக்கு வந்துவிட்டேன். தகப்பனும் மனிதன்தான், அவனும் பிழை விடலாம், ஆனால் பிள்ளைக்கும் ஒரு கடமை உண்டு என்று அது போனது. எனக்கே பிடித்திருந்தது. சாவகச்சேரியில் பின்சில்லுக்குக் காற்றுப் போனது. ஒட்டுவதற்குப் பசை அந்த ஊரிலேயே இல்லை. மிச்சம் ஐந்து மைலும் வெயிலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். முதலில் மூன்றாம் பகுதி உதிர்ந்தது. மீசாலையில் இரண்டாம் பகுதி. கொடிகாமம் சந்தைக்குள் நுழைந்தபோது தாகம் மட்டும்தான் மிச்சம்.

அருளம்பலம் நெற்றி நிறைய விபூதியோடு, தராசுக்குப் பின்னால் இருந்தார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும்.

"என்ன தம்பி சாக்குக்குள்ளை, கருவாடோ?"

"இல்லை ஐயா. அந்தோனியார்."

அவர் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "விக்கவோ?"

"இல்லை. இஞ்சை கனிசியஸ் எண்டொரு பொடியன்..."

"அவனோ? பின்னுக்கு மூட்டை கட்டிக்கொண்டு நிக்கிறான். தங்கமான பொடியன். அவன் கட்டின மூட்டை வழியிலை ஒருநாளும் அவிழ்ந்ததில்லை. இடக்கை முடிச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "தகப்பன்தான் ஒரு விசரனாம். கோயில் வாசலிலை வைச்சுப் பிள்ளைக்கு அடிச்சவனாம். எங்கடை பிள்ளையாருக்கு முன்னாலை ஒருத்தன் அப்பிடிச் செய்திருந்தால், ஐயரே அவனைப் பிடிச்சுக் கேணிக்குள்ளை தள்ளியிருப்பார். உங்கடை ஆக்கள் பொறுமைசாலியள். நீங்கள் பொடியனுக்குச் சொந்தமோ?"

"அந்த விசரன் நான்தான் ஐயா."

அவர் தராசிலிருந்த வெண்டிக்காயை மெதுவாகக் கூடையில் கொட்டினார். பிறகு தன்னுடைய ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"அப்ப இருங்கோ. வெயிலுக்குள்ளாலை வந்திருக்கிறியள்." உள்ளே திரும்பி, "தம்பி கனிசியஸ், உன்னைத் தேடி ரெண்டு பேர் வந்திருக்கினம்" என்று கூப்பிட்டார்.

அவன் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தான். தோள் அகன்றிருந்தது. என்னைக் கண்டதும் நின்றான். ஐந்து மைலாக உதிர்ந்தது போக வாயில் இருந்ததைச் சொன்னேன்.

"தம்பி, உன்ரை வலக்கையை நான் பாக்கேல்லை."

அவன் பார்வை சாக்குக்குப் போனது.

"பிழை என்ரை" என்றேன்.

"உதென்ன சாக்கு?"

"அந்தோனியார். கிணத்துக்குள்ளை இருந்தவர். நீ திரும்பி வரவேணுமெண்டு நான்தான் போட்டனான்."

அவன் சாக்கை விலக்கி அந்த உரிந்த முகத்தைப் பார்த்தான். சிரிப்பு வந்தது அவனுக்கு. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அருளம்பலத்தாரும் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரிக்கலாம் என்று வாயைத் திறக்க, அவன் நிறுத்திவிட்டான்.

"பிள்ளை எங்கை?"

"கழட்டி வைச்சிட்டன்."

"எங்கை வைச்சனீங்கள்?"

யோசித்தேன். ஐப்பசியில் ஒளித்தது. எங்கே என்று நினைவு வரவில்லை. நான் முழித்ததை அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கோயிலிலை வைச்சு அடிச்சியள்" என்றான். "கோயிலிலை வைச்சுச் சொல்லுங்கோ. பேந்து வாறன்." சுரூபத்தைத் திரும்பச் சுற்றிச் சாக்கின் வாயைக் கட்டினான், இடக்கையால்.

அடுத்த ஞாயிறு வாசகத்துக்கு ஏறினேன். எழுதிக் கிடப்பதை வாசிக்க எனக்குத் தெரியும். எழுதாததைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. வாங்குகளைப் பார்த்தேன். யார் யாருக்கு என்ன காரணம் சொன்னேனோ அவர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

"போன பெருநாளிலை என்ரை மகனுக்கு அடிச்சன்" என்றேன். "அவன்ரை வலக்கை கூட்டைப் பிடிச்சுக்கொண்டிருந்தது. பிழை என்ரை."

பின் வாங்கிலிருந்து சந்தியோகு அண்ணையின் குரல் வந்தது.

"கேக்கேல்லை கிறகோரி. கொஞ்சம் உரத்து."

மின்சாரம் இல்லாத அந்தக் கோயிலில், என் குரல் கேட்கவில்லை என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. சாமியார் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். நான் இன்னொரு தரம், எல்லாவற்றையும், முதலிலிருந்து, உரத்துச் சொன்னேன்.

"இப்ப கேக்குது" என்றாள் லூர்த்தம்மா. அன்று அவள் கடைசி ஆசீர்வரை இருந்தாள்.

வெளியே வந்தபோது சந்தியோகு அண்ணைக்குப் பக்கத்தில் கனிசியஸ் நின்றான். பொடியன் வாசலுக்கு வெளியே நின்றதால் அவனுக்காகத்தான் உரத்துச் சொல்லச் சொன்னேன் என்று அவர் சத்தியம் பண்ணினார். நான் இன்றுவரை நம்பவில்லை.

குழந்தை யேசுவை அவன்தான் தேடி எடுத்தான். தூண்டில் முள் போட்டு வைக்கிற தகரப் பேணிக்குள் கிடந்தார். கொழுவுகிற ஆணி உடைந்திருந்தது. அவன் நைலோன் நூலால் குழந்தையை அந்தோனியாரின் கையோடு சேர்த்துக் கட்டினான். நான் பக்கத்தில் இருந்து, முடிச்சைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், விளக்குப் பிடித்தேன்.

ஒரு வருடமும் மூன்று மாதமும் எங்களோடு இருந்தான். தொண்ணூற்று மூன்று ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, பரவைக் கடலில் வலை இழுத்துக்கொண்டு நின்றபோது கடற்படையின் துவக்குச் சூடு பட்டது. கரைக்கு உடம்பாகத்தான் வந்தான்.

சனம் வந்தது. நான் பல வருடமாகப் பழக்கிவிட்ட சனமல்லவா, காரணங்களையும் கொண்டு வந்தது. சுரூபத்தைக் கிணற்றில் போட்டதற்கு ஆண்டவர் தந்த கண்டிப்பு என்று ஒருவர் மிக அன்பாகச் சொன்னார். என் குரலிலேயே சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆண்டவர் என்னைக் கண்டித்த விதம் எனக்குத் தெரியும். கத்தரிக்காயும் ஒரு முடிச்சும் காற்றுப்போன சில்லுமாக அவர் வந்தார். முடிவில் பிள்ளையைத் தந்தார். துவக்கோடு வந்தவன் அவரல்ல. இரண்டையும் குழப்ப நான் இனி ஒருவரையும் விடப்போவதில்லை. ஆனால் அதை அந்த ஆளுக்குச் சொல்லவில்லை. தேநீர் மட்டும் கொடுக்கச் சொன்னேன்.

இப்படி எழுதுவதால் நான் திருந்தி முடிந்தவன் என்று நினைக்கவேண்டாம். மூன்றாம் நாள், சனிக்கிழமை பின்னேரம், மரியநாயகி உள்ளே சுருண்டு படுத்திருந்தாள். நான் அந்தோனியாரைத் தூக்கி மடியில் வைத்தேன். முதலில் குழந்தையைக் கழற்றுவது, பிறகு கிணறு, இந்த முறை கயிறில்லாமல். என் கை முடிச்சுக்குப் போனது. அவிழவில்லை. நெம்பினேன். பல்லால் இழுத்தேன். கத்தியை எடுத்தேன்.

அப்போது சந்தியோகு அண்ணை வந்தார். கத்தியையும் சுரூபத்தையும் பார்த்தார். பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

"அதிலை கை வையாதை" என்றார். "அவன் கட்டினது."

கத்தியை வைத்தேன்.

லூர்த்தம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவர் குடித்தார். நான் காத்திருந்தேன். மூன்றாம் நாள், தேநீரும் வந்துவிட்டது. அவருக்கு ஏழு வருடமாக என்னிடம் ஒரு காரணம் சொல்ல உரிமை இருந்தது. அவர் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

"சொல்லுங்கோ அண்ணை" என்றேன்.

"என்னத்தை?"

"எதுக்கெண்டு. நான் உங்களுக்குச் சொன்னனான்தானே."

"எனக்குத் தெரியாது கிறகோரி."

வெயில் முற்றத்தைவிட்டு வேலியில் ஏறியது. எழும்புமுன் அவர் தொண்டையைச் செருமினார்.

"வலை ஒரு பக்கம் கிழிஞ்சுபோய்க் கிடக்கு. தனியப் பொத்த ஏலாது. நாளைக்கு வாறியோ?"

"நாளைக்கு ஞாயிறு."

"ஓம்."

"பூசை முடிஞ்ச பிறகு வாறன்" என்றேன்.

"பூசை முடிஞ்ச பிறகுதான்" என்றார் சந்தியோகு அண்ணை. "நான் எப்பவும் பூசை முடிஞ்ச பிறகுதான் பொத்திறனான். நீ கேக்கேல்லை."